ஊருக்குப் போ என்றது பம்பாய்!



சென்ற திங்கள் வட்டக் கூட்டமொன்றிலே பேசிவிட்டுத் திரும்புகையில், நம் தோழர் ஒருவர் மனு ஒன்றை என் கையிலே திணித்தார். நாற்பதுக்கு மேற்பட்ட கையெழுத்துகள். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: தெருமுனை நடைபாதையில் சாக்கும் தார்ப்பாயும் கட்டிக் குடியிருக்கும் பதினொரு குடும்பங்களை மாநகராட்சி உடனே அப்புறப்படுத்த வேண்டும். "மாமன்ற உறுப்பினர் நம்மவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக் காலையே வண்டி வந்துவிடும்" என்றார் தோழர். அவர் குரலிலே பெருமிதம் இருந்தது. நம்மவர் ஒருவர் மன்றத்தில் அமர்ந்திருப்பதன் பயனை மக்களுக்குக் காட்டிவிடும் ஆர்வம் இருந்தது.

தோழர் கெட்டவரல்லர், கொடி பிடித்தவர், கொட்டடி கண்டவர். கையெழுத்திட்டவர்களும் கெட்டவர்களல்லர். குழந்தையின் கையைப் பற்றிப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய், நடைபாதையை விட்டிறங்கிப் பேருந்துக்கும் சரக்கு வண்டிக்கும் இடையே நடக்க நேர்கிறது என்பது உண்மை. நாற்றம் என்பதும் உண்மை. ஆனால், மனுவிலே முதல் கையெழுத்துப் போட்டவரின் வீட்டில் பாத்திரம் துலக்குபவர், அந்தப் பதினொரு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த அம்மையார் என்பதும் உண்மை. அதை மனு எழுதியவர் குறிப்பிட மறந்துவிட்டார்.

மனுவை வாங்கிக்கொண்டேன். இன்றளவும் மாமன்ற உறுப்பினரிடம் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று தோழருக்குக் கூற நான் கடமைப்பட்டவன். அவருக்கு மட்டும் கூறுவானேன்? அப்படியொரு மனு உங்கள் வட்டத்திலும் இருக்கும். இல்லையேல் நாளை வரும். எனவே எல்லோருக்குமே சொல்லிவிடுகிறேன்.

"வண்டி வந்துவிடும்" என்றாரே, அந்தச் சொல்தான் என் நினைவை 1981ஆம் ஆண்டு பம்பாயிலே வந்து நின்ற வண்டிகளுக்கு இழுத்துச் சென்றது. இன்று மும்பை என்கிறோம், அன்று பம்பாய். அந்த ஆண்டு சூலை 13ஆம் நாள், மராட்டிய மாநில முதலமைச்சராயிருந்த அந்துலே ஓர் அறிவிப்புச் செய்தார். நகரின் நடைபாதைகளில் குடியிருப்போர் அனைவரும் அகற்றப்படுவர். அவரவர் சொந்த ஊருக்கோ, நகருக்கு வெளியிலோ அனுப்பப்படுவர் என்பது அறிவிப்பு. மாநகராட்சிக்குத் துணையாகப் போலீசாரும் ஏவப்பட்டனர். காரணம் என்ன கூறினார் தெரியுமா, தோழர்களே? இரக்கம்! மழைக்காலத்திலே அந்தக் குடிசைகளில் மனிதர் எப்படி வாழ முடியும், அது மனித வாழ்வே அன்று என்றார். நனைகிறானே என்று நெஞ்சு நெகிழ்ந்தார். நெகிழ்ந்ததும், தலைக்கு மேலிருந்த தார்ப்பாயைப் பிடுங்கச் சொன்னார். மழைக்காலத்தின் நடுவிலே!

அப்படிப் பிடுங்கப்பட்ட தார்ப்பாய்களில் ஒன்று, நம் சேலத்துக்காரர் ஒருவருடையது. கற்பனையன்று, உச்சநீதி மன்றத் தீர்ப்பிலேயே அவர் கதை பதிவாகியிருக்கிறது. பெயர் நமக்கு வேண்டாம், வரலாறு போதும். சொந்த நிலமற்ற உழவுக்கூலி. வறட்சி வேலையைப் பறித்தது. 1961ஆம் ஆண்டு பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்றார். தகிசர் என்னும் பகுதியிலே ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய்க் கூலி கிடைத்தது. மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் ஓரத்தில், பிளாஸ்டிக் விரிப்பும் கித்தான் துணியும் கொண்டு மறைத்த ஓரிடத்தில் மனைவியோடும் மூன்று பெண் மக்களோடும் வாழ்ந்தார்.

நடைபாதையிலே இருப்பவன் இனாமாக இருக்கிறான் என்றுதானே எண்ணுகிறோம்? அந்த இடத்திற்காக அவரிடமிருந்து ஒரு குடிசைத் தாதா பறித்த தொகை 2,500 ரூபாய்! 23 ரூபாய்க் கூலிக்காரர் உண்ணாமல் உடுக்காமல் நூற்றெட்டு நாட்களுக்கு மேல் உழைத்தால்தான் அந்தத் தொகை சேரும். மாநகராட்சி வரி கேட்கவில்லை. ஆனால் நடைபாதை விற்கப்பட்டது. விற்றவனை எந்த வண்டியும் தேடி வரவில்லை. வாங்கியவரைத்தான் தேடி வந்தது.

சூலை 23ஆம் நாள் குடிசை தரைமட்டமாயிற்று. குடும்பத்தோடு அவரைச் சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றினார்கள். எந்த வறட்சி அவரைத் துரத்தியதோ, அந்த வறட்சிக்கே திருப்பி அனுப்பினார்கள். பிறகு? மனைவி மக்களைச் சேலத்தில் விட்டுவிட்டு, வேலை தேடி மறுபடியும் பம்பாய்க்கே வந்து சேர்ந்தார். மறுபடியும் நடைபாதைதான். இது கண்ணாமூச்சி ஆட்டம் போன்றது என்று உச்சநீதி மன்றமே எழுதிற்று: அதிகாரிகள் வருகிறார்கள், இடிக்கிறார்கள், குடியிருந்தோர் சந்துபொந்துகளில் மறைகிறார்கள், அதிகாரிகள் போனதும் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். ஏன் திரும்புகிறார்கள்? அந்த இடம் வேலைக்கு அருகில் இருக்கிறது. வேறு மர்மம் ஏதுமில்லை.

வேலைக்கு அருகில் என்ற அந்தச் சொல்லைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மாநகரம் ஆளை அழைக்கிறது. சுமை தூக்க, சாக்கடை தள்ள, சாந்து குழைக்க, சமையற்கட்டுத் துலக்க. பகலிலே அவன் தேவை. இரவானதும் அவன் தொல்லை! கொடுக்கும் கூலியோ வாடகைக்கும் போதாது, தொலைவிலிருந்து வந்துபோகும் வண்டிச் சத்தத்துக்கும் போதாது. போதாத அந்த மிச்சத்தை அவன் தன் உடம்பைக் கொண்டு ஈடுசெய்கிறான், கல்லின்மேல் படுக்கிறான். நடைபாதைக் குடிசை என்பது முதலாளி கொடுக்காமல் விட்ட கூலியின் எச்சம். மாநகராட்சி அதைக் குப்பை என்று பெயரிட்டுக் கூட்டித் தள்ளப் பார்க்கிறது.

வழக்கு உச்சநீதி மன்றம் சென்றது. ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளரின் பெயரால் இன்றும் அந்த வழக்கு வழங்குகிறது. மாநகராட்சியின் கையிலிருந்தது 1888ஆம் ஆண்டுச் சட்டம், வெள்ளையன் வகுத்தது. அதன் 314ஆம் பிரிவின்படி, நடைபாதையை அடைத்திருக்கும் எதையும் ஆணையர் அறிவிப்புக் கொடுக்காமலே அகற்றலாம். எதையும் என்றால், பெட்டியையும் அகற்றலாம், பிள்ளை தூங்கும் தூளியையும் அகற்றலாம். மாநகராட்சி இன்னொரு வாதத்தையும் எடுத்து வைத்தது. நடைபாதையிலே குடிசை போட எங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று இவர்களே உயர்நீதி மன்றத்திலே ஒப்புக்கொண்டு விட்டார்கள், இப்போது மாற்றிப் பேசலாமா என்றது. வாயடைக்கும் வாதம்! ஆனால் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலே அமர்ந்த ஐவர் ஆயம் அதை ஏற்கவில்லை. அரசியல் சட்டம் தந்த உரிமையை எவரும் ஒப்புக்கொண்டோ ஒப்பந்தம் செய்தோ விட்டுக்கொடுத்துவிட முடியாது என்றது.

1985ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சட்டக் கல்லூரிகளிலே போற்றப்படும் தீர்ப்பு அது. போற்றத்தக்க பகுதி அதிலே உண்டு. அரசியல் சட்டத்தின் 21ஆம் விதி உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையிலே, பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அறிவித்தது. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகும். இடத்தைப் பறித்தால் பிழைப்பைப் பறித்ததாகும் என்று படிப்படியாய் வாதித்துச் சென்றது. நடைபாதை மக்கள் குற்றவாளிகள் என்ற பழியையும் ஏற்க மறுத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, 314ஆம் பிரிவு செல்லும் என்று முடித்தது! ஆணையர் பொதுவாக அறிவிப்புக் கொடுக்கத்தான் வேண்டும் என்றது. இந்த வழக்கிலோ, ஆணையர் தராத வாய்ப்பை நாங்களே விரிவாகக் கேட்டுத் தந்துவிட்டோம் என்றது. மழை ஓயட்டும், அக்டோபர் 31 வரை பொறுங்கள், பிறகு அகற்றலாம் என்றது. உரிமை உண்டு, ஆனால் இடம் இல்லை. ஆரத்தி எடுத்து வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அத்தீர்ப்பிலே நம் கண்ணுக்கு முதன்மையாய்ப் படவேண்டியது, பலரும் கடந்து போகும் ஒரு சிறு பகுதி. மாற்றிடம் யாருக்கு என்ற கேள்விக்கு மன்றம் தந்த விடை அது. 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கெடுப்பிலே எண்ணப்பட்டு அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் உண்டு. புறநகரான மாலவணியிலோ, அதைவிடத் தொலைவுக்குப் போகாத வேறோர் இடத்திலோ தர வேண்டும் என்றது. எண்ணப்பட்டவனுக்கு நிலம். எண்ணப்படாதவனுக்குச் சாலை. நடைபாதைக் குடும்பங்களில் மிகப் பலவற்றை யாரும் எண்ணியதே இல்லை!

அதைப் புரிந்துகொண்டவர்கள் பைகுல்லா நடைபாதைப் பெண்கள். அவர்களும், அவர்களோடு சேர்ந்து 1984ஆம் ஆண்டு தோன்றிய ஸ்பார்க் என்னும் அமைப்பும் அந்தக் கணக்கைத் தாங்களே எடுக்கப் புறப்பட்டார்கள். ஆறாயிரம் குடும்பங்களின் அளவில் எண்ணி 1985இல் வெளியிட்டார்கள். கண்ணுக்குப் புலப்படாதவர்கள் நாங்கள் என்ற பொருள்பட அந்த அறிக்கைக்குத் தலைப்பிட்டார்கள். எங்கிருந்து வந்தோம், எத்தனை ஆண்டாய் இருக்கிறோம், என்ன வேலை செய்கிறோம் என்று எழுதி வைத்தார்கள். நேற்று வந்து நாளை போகிறவர்கள் என்ற கட்டுக்கதைக்கு அது பதிலாயிற்று. பிறகு அவர்களோடு கைகோத்தவர்தான் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலிலே பிறந்த தமிழர்; அறுபதுகளில் பம்பாய் வந்து மான்கூர்ட் சனதா காலனியில் குடியிருந்தவர். அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்திற்காக 1976இல் அந்தக் காலனி இடிக்கப்பட்டபோது எதிர்த்து நின்றவர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தவர். 2000ஆம் ஆண்டு மகசேசே விருதும் அவரைத் தேடி வந்தது. 2018இல் மறைந்தார். நம் ஏடுகள் அவருக்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஏடுகளிலே நம்முடையதும் ஒன்று. தீர்ப்பு வந்து பத்தாண்டு கழித்து, 1995இல், மராட்டிய அரசின் மறுவாழ்வுத் திட்டம் நடைபாதைக் குடும்பங்களையும் வீடு பெறும் உரிமையுள்ளோர் பட்டியலில் சேர்த்தது. வழக்கு மன்றம் தராத ஒன்றைக் கணக்குத் தாள் பெற்றுத் தந்தது. உடனே அன்று, ஊர் முழுவதற்கும் அன்று. ஆயினும் பெற்றுத் தந்தது.

இதெல்லாம் ஏழை நாட்டின் இழிநிலை, செல்வச் சீமைகளிலே வேறு வகை என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலே கிராண்ட்ஸ் பாஸ் என்று ஒரு சிற்றூர் நகரம். பூங்காவிலே கம்பளி விரித்துத் தலையணை வைத்துப் படுத்தால், அது குடியேற்றம்; தண்டம் 295 டாலர். மீண்டும் மீண்டும் படுத்தால் சிறை. படுக்கப் போதிய காப்பகம் இல்லாத ஊரில் இது கொடுமையான தண்டனையன்றோ என்று வழக்கிட்டார்கள். 2024ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், அந்நாட்டு உச்சநீதி மன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், தண்டம் செல்லும் என்றது. வீடற்றவன் மட்டுமா, ஊர் சுற்ற வந்த உல்லாசப் பயணி படுத்தாலும், கிளர்ச்சி செய்யும் கல்லூரி மாணவன் படுத்தாலும் இதே தண்டம்தானே என்று சமத்துவம் பேசிற்று பெரும்பான்மைத் தீர்ப்பு! அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஓர் இரவு எடுத்த கணக்கிலே, அந்தச் செல்வபூமியில் வீடற்றோர் ஏழு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேல்.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சென்னை தொடங்கிய விதம் செம்மையானது. 1970இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. முதற்காலத்தில் குடிசை நின்ற இடத்திலேயே அடுக்குமாடி எழுந்தது. கடற்கரையில் மீனவர் வாழ்ந்த நொச்சிக்குப்பத்திலே கடற்கரையிலேயே மாடி வந்தது. பிறகு நிலத்தின் விலை ஏறிற்று. ஏற ஏற, ஏழையின் வீடு தெற்கே நகர்ந்தது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்! கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களை, 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின்னே, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலும் கொண்டுபோய் இறக்கினோம். சுவர் உண்டு, கூரை உண்டு, மின்விளக்கும் உண்டு. விடிவதற்கு முன் நாலு வீட்டில் வேலை செய்து, விடிந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்க்கு, அந்த நாலு வீடும் போயிற்று. போனதை யார் கணக்கிட்டார்? வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. பெயர் அழகானது. வாழ்விடம் என்ற சொல்லிலே வாழ்வு முன்னே நிற்கிறது. இடம் பின்னேதான் வருகிறது. கட்டுமானத்திலும் அந்த வரிசை இருந்தால் மகிழ்வேன்.

அடுக்குமாடிக்கும் வழியற்று வெட்டவெளியில் படுப்போர்க்கு? 2010ஆம் ஆண்டு, தில்லிக் குளிரில் மக்கள் மாண்டதை அடுத்து, உச்சநீதி மன்றம் ஆணையிட்டது: பெருநகரங்களில் இலட்சம் பேருக்கு ஒன்றென இரவு பகலாய்த் திறந்திருக்கும் காப்பகம் வேண்டும் என்று. சென்னை மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்கள் வழியே காப்பகங்கள் நடத்துகிறது. நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் அவை உயிர் காக்கும் இடங்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவற்றிலே பெரும்பாலானவை ஆண்களுக்கு என்றும் பெண்களுக்கு என்றும் தனித்தனியானவை. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், சட்டி பானை எவ்விடம்? அதனாலேதான் குடும்பம் நடைபாதையை விட மறுக்கிறது. உடனே எழுதுகிறார்கள் கோப்பிலே: "காப்பகம் வழங்கப்பட்டது, வர மறுத்தனர்" என்று.

எண்ணும் கதையோ இன்னும் வேடிக்கை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28ஆம் நாள் இரவு, ஒரே இரவிலே, இந்தியா முழுமைக்கும் வீடற்றோரை எண்ணினார்கள். பதினேழு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் என்றார்கள். கடைத் திண்ணையிலும், பாலத்தடியிலும், மூடிய வண்டிக்குள்ளும் படுத்தவரையெல்லாம் அந்த ஓர் இரவில் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் நம்பட்டும். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு அந்த ஆண்டில் எடுக்கப்படவே இல்லை.

இப்போது ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். அதே நடைபாதையிலே கூடை வைத்துப் பழம் விற்கிறாரே ஒருவர், அவருக்கு 2014ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது, தெருவோர வணிகர் சட்டம். முதலில் கணக்கெடு, சான்று கொடு, அது முடியும்வரை எவரையும் அகற்றாதே, அகற்ற நேர்ந்தால் முப்பது நாள் அறிவிப்புக் கொடு என்கிறது. சட்டம் முழுதும் நடப்பில் இல்லை என்பது வேறு. ஆனால் எழுத்தில் இருக்கிறது. எழுத்திலிருப்பதைக் காட்டிப் போராடலாம். கூடைக்குக் கிடைத்த இந்தக் காப்பு, கூடைக்காரி இரவிலே தலை சாய்க்கும் பாய்க்கு இல்லை! பகலில் விற்கும் கை காப்பாற்றப்படும். இரவில் உறங்கும் உடல் ஆக்கிரமிப்பு. விற்பவருக்குத் தந்ததை உறங்குபவருக்கும் தா என்பதுதான் நாம் மன்றத்திலே எழுப்ப வேண்டிய கோரிக்கை. எண்ணாமல் அகற்றாதே, அகற்றினால், வேலைக்கு நடந்து போகும் தொலைவிலே இடம் கொடு.

அப்படியானால் பள்ளிப் பிள்ளையின் தாய் சாலையிலே நடந்துகொண்டிருக்க வேண்டியதுதானா என்று தோழர் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்வி. நடைபாதை நடப்பதற்கே என்பதில் எனக்கு ஐயமில்லை. பம்பாய் மக்களும் நடைபாதைதான் வேண்டும் என்று அடம் பிடித்தவர்களல்லர். பதினொரு குடும்பங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? அந்த வட்டத்திலேயே மூடிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றுகூடவா இல்லை? குத்தகை முடிந்த சமூகக்கூடம் இல்லையா? தேடியது யார்? வண்டியை அழைப்பது எளிது, ஒரு தொலைபேசி போதும். இடம் தேடுவது நாலு மாத வேலை. ஆனால் வண்டி எத்தனை முறை வரும்? அந்தப் பதினொரு குடும்பமும் அடுத்த தெருவுக்குப் போகும். அடுத்த தெருவிலிருந்து அடுத்த மனு வரும். அதையும் நம் தோழர் ஒருவரே கொண்டு வருவார்.

எனவே, மனுவை நான் கிழித்தெறியவில்லை. மேசை மேலேயே இருக்கிறது. தோழர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வரட்டும். குடும்பத்துக்கு ஒரு பக்கம். பெயர், எந்த ஊர், எத்தனை ஆண்டாய் இங்கே, எந்த வீட்டில் அல்லது எந்தக் கடையில் வேலை, எத்தனை மணிக்குப் போவது, பிள்ளைகள் எந்தப் பள்ளி, குடும்ப அட்டை உண்டா, வாக்காளர் பட்டியலில் பெயர் உண்டா, படுப்பதற்கு யாருக்காவது பணம் கட்டுகிறார்களா. இந்தக் கடைசிக் கேள்விக்கு முதல் நாளே பதில் வராது. மூன்று நாள் போக வேண்டியிருக்கும். நோட்டு நிறைந்ததும் மனுவையும் அதையும் ஒன்றாகவே கொண்டுபோய் மாமன்ற உறுப்பினரிடம் கொடுப்போம். ஞாயிறு இரவென்றால் நானும் உடன் வருகிறேன். பதினொரு மணிக்குப் பிறகு போவோம். அதற்கு முன் அவர்களில் பாதிப் பேர் வேலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள்.